சுத்தப் பக்கம்

இந்த வியாதிக்குப் படர்தாமரை என்று பேர் வைத்தவர் யாரோ, ஒரு நாளாவது அதைச் சொறிந்து பார்த்திருக்க மாட்டார். சொறிந்திருந்தால் தாமரையாவது மண்ணாவது என்று பேரைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார். பேரைக் கேட்டால் குளமும் குளிர்ச்சியுமாக என்னமோ தோன்றுகிறது. உள்ளதோ நெருப்பு. வட்டமாக ஒரு சிவப்பு வளையம், ஓரத்தில் பொடிப்பொடியாகத் தடிப்பு, நடுவில் தனக்கொன்றும் தெரியாது என்று நிற்கும் யோக்கியன் மாதிரி வெறும் தோல். வேர்த்தால் அரிக்கும். அரித்தால் கை தானாகப் போகும். கை போனால் அப்புறம் எரிச்சல்தான். சின்னவளுக்கு அது முதலில் வந்த இடம் இடுப்பு.

சின்னவள் என்பது வைத்த பேர் இல்லை. அக்காவும் இவளுமாக வீட்டில் இரண்டே பெண்கள், இவள் இளையவள், அதனால் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகும் அக்கா வாயில் அவள் சின்னவள்தான். புருஷனும் அதையே பிடித்துக்கொண்டான். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். சலவைக்கூடம் என்றதும் கல்லில் துணி துவைப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள் உள்ளே போய்ப் படுக்கலாம் போன்ற மெஷின்கள், நடுவே ஒரு முழுச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கத்துக்கு அழுக்குப் பக்கம் என்று பேர். அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். மெஷின்கள் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய். அழுக்குப் பக்கத்து வாயில் துணியைத் திணித்து மூடினால் அது வெந்து, அலசி, பிழிபட்டு, சுத்தப் பக்கத்து வாய் வழியாக ஆவி பறக்க வெளியே விழும். துணிதான் அப்படிப் போகலாம், ஆள் போகக் கூடாது. அந்தப் பக்கத்து ஆளிடம் ஒரு ஊக்கு வாங்க வேண்டுமென்றால்கூடச் சுவரில் பதித்த கண்ணாடிக்கு இப்பால் நின்று ஜாடை காட்ட வேண்டியதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு சூப்பர்வைசர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. "வெளியே பாத்தா வெள்ளையாத்தான் தெரியும். அதை நம்பிடாதே. மெஷினுக்குள்ள போய் வராதது எதுவும் சுத்தமில்ல."

சின்னவள் அழுக்குப் பக்கம். வார்டுகளிலிருந்து மூட்டையாக வரும் விரிப்பு, தலையணை உறை, நோயாளி உடுப்பு எல்லாவற்றையும் பிரித்து, ரத்தக் கறை தனி, மருந்துக் கறை தனி என்று வகை பண்ணி மெஷினுக்குக் கொடுக்கிற வேலை. முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், மேலே ஒரு ரப்பர் அங்கி. அந்த அங்கியின் நாடாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி ஒரு ஷிப்டு நின்றால், அவிழ்க்கும்போது உள்ளே இருக்கும் துணியைப் பிழிந்தெடுக்கலாம். அந்த நாடா படிந்த இடத்தில்தான் வளையம் வந்தது.

கூட வேலை பார்த்தவளுக்கு மூட்டையம்மா என்று பேர். வந்த மூட்டைகளை அவிழ்ப்பவள் என்பதாலா, ஆளே அந்த வாகில் இருப்பதாலா என்று யாரும் கேட்டதில்லை.

"என்னடி, நின்ன எடத்துல நெளியுற? எறும்பு ஏறிடுச்சா?" என்றாள் மூட்டையம்மா.

"எறும்பா இருந்தாத் தட்டி விட்டுருக்க மாட்டேனா? இடுப்புல வட்டமா என்னமோ வந்திருக்கு."

"காட்டு பாப்போம்." ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தாள். "படை. இதுக்குப் போயா இந்த முழி முழிக்கிற? மருந்துக் கடையில போய் படைக்குக் குடுன்னு கேளு. ஒரு ட்யூப் குடுப்பான். ரெண்டு நாள் தடவினா ஓடிரும். எம் பொண்ணுக்கு அப்படித்தான் ஓடுச்சு."

"ஓடுச்சா, இல்ல வேற எடத்துக்குக் குடி போச்சா?"

"அது எனக்கென்ன தெரியும்? அவளே புருஷன் வீட்டுக்குக் குடி போயிட்டா."

மருந்துக் கடைக்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை. கை நீட்டி ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார். மூன்று மருந்து ஒன்றாகக் கலந்தது, எல்லாத்துக்கும் கேட்கும் என்றார். கேட்கத்தான் செய்தது. அன்றைக்கே அரிப்பு அடங்கியது, அடுத்தடுத்த நாளில் சிவப்பு மங்கியது, அந்த வார முடிவில் இடுப்பு வெளுத்த துணி மாதிரி சுத்தமாகிவிட்டது. சின்னவள் ட்யூபை மூடி அலமாரியில் வைத்தாள். விருந்துக்கு வந்த உறவுக்காரர் ஊருக்குப் போனதாக நினைத்தால் மறுவாரம் பெட்டி படுக்கையோடு, இந்தத் தடவை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆனது. வளையத்துக்குள் வளையம், அதன் பக்கத்தில் இன்னொன்று, தொடையில் ஒன்று. அவள் மறுபடி ட்யூபை எடுத்தாள். மறுபடி மறைந்தது. மறைவதும் வருவதுமாக அவள் எத்தனை ட்யூப் தீர்த்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

வீடு என்பது ஒரே அறை. ஓரமாக அடுப்பு, மூலையில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் ஒரு மெத்தை. மெத்தையில் அவளும் புருஷனும், இடையில் பட்டாணி. பட்டாணி என்றால் மகள். பிறந்தபோது அவ்வளவு உருண்டையாக, அவ்வளவு சிறிசாக இருந்தாள், அதனால் அந்தப் பேர். ஒன்றரை வயசாகியும் பேச்சு வரவில்லை. 'ம்மா' என்று ஒன்று சொல்வாள். அது பாலுக்கும் பொருந்தும், பூனைக்கும் பொருந்தும், அம்மாவுக்கும் பொருந்தும். படுக்கும்போது மட்டும் சின்னவளின் இடது கை வேண்டும். முழங்கை மடிப்பில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டால்தான் கண் சொருகும்.

நாள் முழுக்க மலைமலையாகத் துணியைப் பார்ப்பவள் வீட்டில் துண்டு ஒன்றே ஒன்றுதான். ஆணியில் தொங்கும் அதில்தான் மூன்று பேரும் துடைத்துக்கொள்வார்கள். புருஷன் அதே சலவைக்கூடத்தின் வண்டி ஓட்டுகிறவன். வெளுத்த துணியை வார்டு வார்டாகக் கொண்டுபோய் இறக்குவான். அவனுக்குத் தொடையில் ஆரம்பித்தபோது சிரித்துக்கொண்டான்.

"நீ சம்பாதிச்சதுல எனக்கும் பங்கு வந்திருச்சு பாரு."

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு? ட்யூப் அலமாரியில இருக்கு, எடுத்துத் தடவுங்க."

அப்புறம் சின்னவளின் இடது முழங்கை மடிப்பில் ஒரு வளையம் வந்தது. அதற்கடுத்த வாரம் பட்டாணியின் கன்னத்தில், அந்த மடிப்பில் அழுத்திப் படுக்கும் அதே பக்கத்தில், ஒரு வளையம். முகம் கழுவிவிடும்போதுதான் சின்னவள் அதைப் பார்த்தாள். தன் கையையும் குழந்தையின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கே வேலைக்கு லீவு சொல்லி, மூன்று பேருமாகத் தோல் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரம்மாவின் அறை வாசலில் ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது. உள்ளே போனதும் அவர் இவள் கையையும் இடுப்பையும் பார்த்துவிட்டு, "என்ன தடவுனீங்க?" என்றார். சின்னவள் பையிலிருந்து ட்யூபை எடுத்து வைத்தாள். டாக்டரம்மா அதைத் தொடக்கூட இல்லை.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்பை அமுக்கிடும், சிவப்பை மறைச்சிடும். நமக்குப் போயிடுச்சுன்னு தோணும். பூஞ்சை உள்ள சவுகரியமா வளந்துட்டு இருக்கும். இதைக் குப்பையில போட்டுட்டு வேற வேலை பாருங்க."

"போட்டுடறேன் மேடம்."

"இப்ப மாத்திரை எழுதுறேன், உங்க ரெண்டு பேருக்கும். வெறும் பூஞ்சைக்கான களிம்பு, மூணு பேருக்கும். வட்டத்து மேல மட்டும் தடவக் கூடாது. வெளியே ரெண்டு விரல் தள்ளி ஆரம்பிச்சு உள்ள வரணும். குளிச்சா நல்லா ஈரம் போகத் துடைச்சிட்டுத் தடவணும். துணியைச் சுடுதண்ணியில அலசி, நல்லா காய வெச்சு, இஸ்திரி போட்டுக் கட்டுங்க. மறைஞ்சிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நான் சொல்லணும். ரொம்ப நாள் இழுக்கும், சொல்லிட்டேன்."

"குழந்தைக்கு மேடம்?"

"அவளுக்குச் சின்னதுதான், களிம்புக்கே போயிடும். ஆனா உங்ககிட்டேர்ந்து திரும்பத் திரும்ப ஒட்டும். அதனால உங்களோடதை எல்லாம் தனியா வெச்சுக்குங்க. சரியா? அடுத்தது யாரு?"

அடுத்தவர் ஏற்கெனவே உள்ளே வந்து நின்றிருந்தார். இவர்கள் வெளியே வந்தார்கள். வாசலில் நின்றபடி புருஷன் தலையைச் சொறிந்துகொண்டான்.

"இருக்கறதே ஒரு ரூம்பு. இதுல எதைத் தனியா வெக்கிறது?"

சின்னவள் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி அவனிடம் நீட்டினாள். பிறகு அவனுக்கும் படை இருப்பது ஞாபகம் வந்து, நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"நாம ரெண்டு பேரும் அழுக்குப் பக்கம்," என்றாள். "இவ சுத்தப் பக்கம் போயிடணும். அக்கா வீட்டுல விட்டுடுவோம்."

"டாக்டரம்மா அப்படியா சொன்னாங்க?"

"உங்களோடதை எல்லாம் தனியா வெச்சுக்கங்கன்னு சொன்னாங்கள்ல? பட்டாணி நம்மளோடது இல்லையா?"

"அவங்க வேற எதையாவது சொல்லியிருப்பாங்க. நான் உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"கூட்டத்தைப் பாத்தீங்கள்ல. மறுபடி போய் நின்னா வாங்கிக் கட்டிக்குவீங்க. எனக்குத் தெரியாதா? நான் பாக்கிற வேலையே இதுதான்."

அவன் கேட்கப் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்து, நாமெல்லாம் நம் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

அக்கா வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பஸ் தூரம். அவளுக்கு வீட்டிலேயே தையல். தலையணை உறையும் ஜன்னல் திரையும் தைத்துக் கடைக்குக் கொடுப்பாள். புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன், வருஷத்துக்கு ஒரு முறை வருவான். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டுக் கை நீட்டினாள்.

"இதுக்கு ஏன்டி இப்படி அழுற? கொண்டா இங்க. கொஞ்ச நாள்தானே. எம் பொண்ணுக்கும் ஒரு பொம்மை கிடைச்ச மாதிரி இருக்கும்."

"துணியெல்லாம் சுடுதண்ணியில அலசுக்கா. களிம்பு காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. வெளியேர்ந்து உள்ள தடவணும்."

"தெரியும் போ. பிள்ளை வளத்தவதானே நான்?"

பட்டாணி கன்னத்து வளையம் டாக்டரம்மா சொன்ன மாதிரியே சீக்கிரம் மறைந்துவிட்டது. பெரியவர்களுடையதுதான் ஆட்டம் காட்டியது. ட்யூபை நிறுத்தியதும் அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி, இடுப்பைச் சுற்றி, முதுகு, தொடை என்று சின்னவளின் உடம்பு தீப்பட்ட மாதிரி ஆனது. அவள் சளைக்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும். அவன் துணி ஒரு தரம், அவள் துணி ஒரு தரம், துண்டு இரண்டு, விரிப்பு இரண்டு. கிண்டிக் கிண்டிக் கை சிவந்துபோகும். சோறு அதே அடுப்பில் அதற்கப்புறம்தான் ஏறும். உப்பும் வெங்காயமும் போட்டு ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் அன்றைய குழம்பு முடிந்தது. பிறகு மாத்திரை, பிறகு களிம்பு. முதுகில் எட்டாத இடத்துக்கு அவன் தடவிவிடுவான், அவனுக்கு இவள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் முதுகு பார்த்து உட்கார்ந்ததில்லை என்று அவன் ஒரு நாள் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

வார லீவு நாளில் அக்கா வீட்டுக்குப் போவாள். உள்ளே போகமாட்டாள். தெருப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, கம்பியிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நிற்பாள். உள்ளே வாடி என்று அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் விட்டுவிட்டாள். முதல் தடவை பட்டாணி கம்பி வழியாக இரண்டு கையையும் நீட்டினாள். சின்னவள் பின்னால் நகர்ந்தாள். குழந்தைக்கு அது புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்து, இன்னும் நீட்டி, எட்டவில்லை என்று தெரிந்ததும் முகம் கோணி அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையை முதுகில் வாங்கிக்கொண்டு சின்னவள் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தாள். இரண்டாம் தடவையும் அழுதாள். அதற்கப்புறம் வந்த தடவைகளில் அழுகை குறைந்தது. அக்கா மகள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வருவாள், "சித்தி வந்திருக்காங்க பாரு, சித்திக்கு டாட்டா காட்டு," என்பாள். குழந்தை சமர்த்தாகக் கையாட்டும். அழாமல் கையாட்டுவது நல்லதுதானே என்று சின்னவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அழுத நாட்களைவிட அந்த நாட்களில்தான் பஸ் நிறுத்தம் அதிக தூரமாக இருந்தது.

ஒரு நாள் குளிக்கும்போது பார்த்தால் உடம்பில் ஒரு வளையமும் இல்லை. இடுப்பைத் தடவிப் பார்த்தாள், வழுவழுவென்று இருந்தது. வெள்ளையைப் பார்த்து நம்பாதே என்று வேலைக்குச் சேர்ந்த நாளில் கேட்ட பாடம் அன்றைக்கு மட்டும் மறந்துபோனது. ஆசை அப்படி. அவள் மாத்திரையை நிறுத்திவிட்டு, லீவு நாளுக்குக் கூடக் காத்திராமல் பஸ் ஏறினாள். அக்கா வீட்டுக்குள் நேரே போய்க் குழந்தையை வாரி எடுத்து, மதியம் முழுக்கக் கீழே விடாமல் வைத்திருந்தாள். சோறு ஊட்டினாள், தலை வாரினாள், கையில் படுக்கப் போட்டாள். பட்டாணி முதலில் கொஞ்சம் விறைத்து, பிறகு கன்னத்தைப் பழைய இடத்தில் அழுத்திக்கொண்டு தூங்கினாள். வர்ற வாரம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

வர்ற வாரத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. துணி எதுவும் காயவில்லை. அரைகுறை ஈரத்தோடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். இடுப்பில் பழைய இடத்தில் வளையம் எட்டிப் பார்த்தது. அவள் தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். அரிப்புக்காக அழவில்லை. அன்றைக்குக் குழந்தையைத் தொட்டுவிட்டோமே என்றுதான் அழுதாள். குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை என்று அக்கா போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னவள் காதில் ஏறவில்லை.

"இனிமே டாக்டரம்மா வாயால சொல்ற வரைக்கும் உள்ள வரமாட்டேன்கா. நானா நினைச்சு ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"உனக்குப் பைத்தியம்டி."

"இருந்துட்டுப் போறேன். அவ கன்னத்துல மறுபடி வந்தா நான் செத்துப் போயிடுவேன்."

டாக்டரம்மா மாத்திரையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தியதற்குச் சின்னவள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தத் திட்டு வாங்கியதில் வேறு எதையும் கேட்க வாய் வரவில்லை. இந்த முறை மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பவில்லை. மழை நாட்களில் ஈரத் துணியை இஸ்திரிப் பெட்டியாலேயே காய வைத்தாள். புருஷனுக்கு அவளுக்கு முன்னாலேயே குணமாகிவிட்டது. அவன் அக்கா வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தான். அவன் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"இன்னிக்கு என்ன பண்ணினா?"

"பேசுறா. தெரியுமா உனக்கு? வாயை மூட மாட்டேங்குறா. தண்ணி, சோறு, வேணாம், போ. அதுல போ மட்டும் அவ்வளவு சுத்தமா வருது."

"யாரைப் போங்கிறா?"

"என்னைத்தான், வேற யாரை."

"அம்மான்னு சொல்றாளா?"

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். அது கழல நேரம் பிடித்தது. "சொல்றா," என்றான். "அம்மான்னு நல்லா சொல்றா."

அன்றைக்கு அவள் சோற்றை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். மறுநாள் மூட்டையம்மாவிடம், சுத்தப் பக்கத்து ஆட்களிடம் கண்ணாடி வழியாக ஜாடையில், எல்லோரிடமும் சொன்னாள். எம் பொண்ணுக்குப் பேச்சு வந்திருச்சு, அம்மான்னு சொல்றா என்று. புருஷன் வண்டியில் துணி ஏற்றுவதை நிறுத்தி அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏற்ற ஆரம்பித்தான்.

மழைக்காலம் போய் வெயில் திரும்பிய பிறகு ஒரு நாள் டாக்டரம்மா அவளை வெளிச்சத்தில் நிறுத்தி, இடுப்பைப் பார்த்தார், கையை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"மறைஞ்சு ரொம்ப நாள் ஆச்சு, திரும்ப வரல. போயிடுச்சு. மாத்திரையை நிறுத்திடலாம்."

சின்னவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அப்ப குழந்தையைத் தொடலாமா மேடம்?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "எந்தக் குழந்தையை?"

"எம் பொண்ணை. எங்க அக்கா வீட்டுல விட்டிருக்கேன். நீங்கதானே சொன்னீங்க."

"நான் சொன்னேனா? நான் எதுக்கு அப்படிச் சொல்றேன்?"

"உங்களோடதை எல்லாம் தனியா வெச்சுக்கங்கன்னு சொன்னீங்க மேடம்."

"துண்டு, துணி, படுக்கை விரிப்பு. அதைச் சொன்னேன்மா. மூணு பேரும் மருந்து போட்டுட்டு, முழுக்கைச் சட்டை போட்டுட்டுத் தாராளமா தூக்கிக்கலாமே. பெத்த குழந்தையை யாராவது பிரிச்சு வெக்கச் சொல்வாங்களா?" அவர் குரல் இறங்கியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கூட்டமா இருந்துச்சு மேடம்."

அன்றைக்கும் வெளியே கூட்டம்தான். ஆனால் டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிடவில்லை. சின்னவள்தான் எழுந்து வந்தாள்.

பஸ்ஸில் அவளுக்கு யோசிக்கப் பிடிக்கவில்லை. போனது போகட்டும், இனிமேல் என்ன, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனாள். அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜன்னலைத் தாண்டி நேரே உள்ளே நுழைந்தாள். பட்டாணி தையல் மெஷினுக்கடியில் உட்கார்ந்து நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வயசு முடிந்திருந்தது, முடி தோள் வரைக்கும் வந்திருந்தது. சின்னவள் தரையில் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. அடையாளம் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"சித்தி!" என்றது. பிறகு உள் பக்கம் திரும்பி, "அம்மா, சித்தி வந்தாச்சு," என்று குரல் கொடுத்தது.

அக்கா கத்தரிக்கோலோடு உள்ளேயிருந்து வந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான் திருத்தாம இல்லடி," என்றாள். "பெரியம்மா சொல்லு, பெரியம்மா சொல்லுன்னு தினம் தினம் சொல்லிக் குடுத்தேன். அவ வாயில பெரி நிக்க மாட்டேங்குது, அம்மாதான் நிக்குது. எம் பொண்ணு என்னை அம்மாங்கிறா, உன்னைச் சித்திங்கிறா. பேச்சு வந்த நேரம், அதைக் கேட்டு இதுவும் பிடிச்சுக்கிச்சு."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையேக்கா."

"எப்படிடி சொல்றது? நீ கம்பிக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, இவ கையாட்டினதுக்கே அப்படிப் பாத்துட்டு நிப்ப. மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். நான் பக்குவமா சொல்லிக்கிறேன்னாரு."

சின்னவளுக்கு அக்கா மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும். அது கிடைக்கவில்லை. குழந்தையின் நகம் வெட்டியிருந்தது, கன்னம் கண்ணாடி மாதிரி இருந்தது, துணியெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தது. அந்தத் துணிகளைப் பையில் எடுத்து வைக்கும்போது அக்கா திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பட்டாணியின் தலையைத் தடவி, "சித்தி கூட... அம்மா கூடப் போயிட்டு வா," என்று சொல்லி, சொன்னது எது என்று அவளுக்கே குழம்பி, உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் வந்தது குழந்தைக்குக் குஷி. வீட்டுக்குள் வந்ததும் மூலை மூலையாகப் பார்த்தது. புருஷன் முன்னாலேயே வந்து சோறு வடித்து, முட்டை உடைத்து ஊற்றி வைத்திருந்தான். சின்னவள் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான். பட்டாணி சாப்பிட்டாள், மெத்தையில் குதித்தாள், ஆணியில் தொங்கிய மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். வெளியே பொழுது மங்கி, எதிர் வீட்டு விளக்கு எரிந்தது. அப்போதுதான் குழந்தை கதவருகே போய் நின்றது.

"அம்மா எங்க?"

"இங்க பாரு செல்லம். நான்தான்டா அம்மா."

பட்டாணி தலையை ஆட்டினாள். "இல்ல. சித்தி."

"சித்தி இல்லடா. அம்மா. நீ என் வயித்துலதான் பொறந்த. எங்கிட்டதான் இருந்த."

"அம்மாகிட்ட போணும்."

உதடு பிதுங்கியது. பிறகு அழுகை வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாளே, அதே அழுகை. அப்போது நீட்டிய கை இவளை நோக்கி இருந்தது. இப்போது கதவைப் பார்த்து நீண்டது. தூக்கினால் விறைத்துக்கொண்டு வழுக்கி இறங்கினாள். பாலைக் காட்டினால் தட்டிவிட்டாள்.

"சின்னவளே, சொன்னாக் கேளு," என்றான் புருஷன். "இன்னிக்கு ஒரு நாள் கொண்டு போய் விட்டுட்டு வந்துடலாம். கொஞ்சம் கொஞ்சமா பழக்கிக்கலாம்."

"வேணாம்."

"பிள்ளை மூச்சு முட்டி அழுது."

"இன்னொரு தடவை என்னால விட முடியாதுங்க," என்றாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது, ஆனால் சத்தம் வரவில்லை. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அவள் கதவருகே போய்க் குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான்தான் அம்மா என்று மறுபடி சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை காதில் விழுந்தாலே குழந்தை இன்னும் வீறிடுவதைப் பார்த்தாள்.

"சரி, சரி," என்றாள். "அழாத. சித்தி இருக்கேன்ல. சித்தி மடியில வந்து உக்காரு."

பட்டாணி விசும்பிக்கொண்டே அவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து ஏறினாள். இடது கையை இழுத்து, முழங்கை மடிப்பில் கன்னத்தை வைத்தாள். விசும்பல் இருந்து இருந்து ஒவ்வொன்றாக வந்தது.

"அம்மா வருமா?" என்று கேட்டாள்.

சின்னவள் அவள் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"வருவாடா," என்றாள். "நீ தூங்கு. அம்மா வருவா."